தண்ணியில் மருந்து வாசம் அடிக்குது, குடிக்கலாமா?

டெல்டா வாசகர்கள் தொற்றுநோய்கள் பற்றி அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் சொல்பவர் வலங்கைமான், நீடாமங்கலம், திருத்துறைப்பூண்டி வட்டாரங்களில் சுகாதார ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

கேள்வி: எங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டித் தண்ணீரில் சில நாள் பிளீச்சிங் பவுடர் வாசம் மூக்கைத் துளைக்கிறது. சில நாள் வாசமே இல்லை. வாசம் வருகிற நாளில் என் மாமியார் பக்கத்து வீட்டு அடிபம்பில் பிடித்து வரச் சொல்கிறார். எந்தத் தண்ணீரைக் குடிப்பது?
– பொறையார் பக்கத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: அம்மா, வாசம் வருகிற நாளைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. வாசமே வராத நாளில்தான் நான் குடத்தை உற்றுப் பார்ப்பேன்.

உங்களுக்குப் பக்கத்து ஊர் காரைக்கால். 2022 ஜூலை தொடக்கத்தில் அங்கே காலரா பரவி, புதுச்சேரி அரசு பொது சுகாதார நெருக்கடி என்றே அறிவித்தது. பள்ளிக்கூடங்களை மூடினார்கள். காலரா எல்லாம் தாத்தா காலத்தோடு போயாச்சு என்று இருந்தவர்கள் அன்றைக்குத்தான் குடிதண்ணீர்க் குழாய் எந்த வழியாக வருகிறது என்று குனிந்து பார்த்தார்கள்.

குழாய் எந்த வழியாக வருகிறது? நம் ஊர்களில் பெரும்பாலும் சாக்கடையை ஒட்டித்தான். தண்ணீர் விடும் நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் இருக்கும், விரிசல் இருந்தால் தண்ணீர் வெளியே கசியும், அவ்வளவுதான். வால்வை மூடினதும் நிலைமை தலைகீழ். இளநீரில் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுகிற மாதிரி, வெளியே தேங்கியிருக்கிற சாக்கடையைக் குழாய் உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுநாள் காலையில் முதல் குடம் பிடிக்கிற வீட்டுக்கு அதுதான் போகும். இன்னொரு கூத்தும் உண்டு. தண்ணீர் ஏறவில்லை என்று வாசலில் குழி வெட்டி, தரைமட்டத்துக்குக் கீழே குழாயைத் தணித்து வைத்துக்கொள்வார்கள். மழை பெய்தால் அந்தக் குழி நிரம்பி, குழாயின் வாய் சாக்கடைத் தண்ணீரில் முங்கிக் கிடக்கும். அதே குழியில் செம்பை விட்டு மொண்டுகொண்டே, 'எங்க வீட்டுல மட்டும் ஏன் சார் வயித்துப்போக்கு?' என்று கேட்பார்கள்.

குழாய்க்குள் அப்படி நுழைகிற கிருமியைக் கொல்லத்தான் தண்ணீரில் கொஞ்சம் குளோரின் மீதம் இருக்க வேண்டும். தெருக்கோடியில் கடைசி வீட்டுக் குழாயிலும் 0.2 பி.பி.எம்., அதாவது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் அளவாவது இருக்க வேண்டும் என்பது கணக்கு. சோதிக்கிற முறை சுலபம். சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து ஓ.டி. மருந்து சில சொட்டு விட்டால் மஞ்சளாகும். மஞ்சள் வராவிட்டால் குளோரின் இல்லை. தொட்டிக்கு நேர்கீழே இருக்கிற குழாயில் பார்த்துவிட்டு 'நல்லா இருக்கு சார்' என்று ரிஜிஸ்டரில் எழுதுகிறவர்கள் உண்டு. அங்கே எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். கடைசித் தெருவில் பார்க்கச் சொல்லுங்கள்.

தொட்டிக்கு மருந்து போடும் கணக்கு 1000 லிட்டருக்கு 4 கிராம். 30,000 லிட்டர் தொட்டி என்றால் 120 கிராம். பவுடரை அப்படியே தொட்டியில் கொட்டக் கூடாது. பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கட்டியில்லாமல் குழைத்து, பிறகு வாளி நிறைய ஊற்றிக் கலக்கி, கால் மணி நேரம் தெளிய விட வேண்டும். அடியில் சுண்ணாம்பு தங்கிவிடும். மேலே நிற்கிற தெளிவை மட்டும், மோட்டார் ஓடித் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போது ஊற்ற வேண்டும். அப்புறம் அரை மணி நேரமாவது, முடிந்தால் ஒரு மணி நேரம், திறக்காமல் விட வேண்டும். உங்களுக்கு மூக்கைத் துளைக்கிற நாள், ஆபரேட்டர் அவசரத்தில் வண்டலோடு ஊற்றி உடனே வால்வைத் திறந்துவிட்ட நாளாக இருக்கும். வாசமே இல்லாத நாளில் போடவில்லை, அல்லது போட்ட பவுடரில் சத்து இல்லை. நல்ல பவுடரில் மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருக்கும். வாயைக் கட்டாமல் ஐப்பசி ஈரத்தில் தொட்டிக்கடியில் கிடந்த மூட்டையில் வெறும் சுண்ணாம்புதான் மிஞ்சும்.

மாமியாருக்கு ஒரு வழி சொல்லுங்கள். தண்ணீரைப் பானையில் பிடித்து, வாயில் வெள்ளைத் துணி கட்டி ராத்திரி வைத்துவிட்டால் காலையில் வாசம் போய்விடும். கையை விடாமல், பிடி நீண்ட அகப்பையால் மொள்ள வேண்டும். அடிபம்புத் தண்ணீர்தான் வேண்டும் என்றால், அதற்கும் பக்கத்துக் கக்கூஸ் குழிக்கும் எவ்வளவு தூரம் என்று பார்த்துவிட்டு, கொதிக்க வைத்துக் குடிக்கட்டும்.

கேள்வி: அம்மா நடவு வேலைக்குப் போகிறவர். காய்ச்சல், உடம்புவலி என்று படுத்தவரை, எலிக்காய்ச்சல் என்று சொல்லி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் எலித் தொல்லையே கிடையாது. யாரிடமிருந்து ஒட்டியிருக்கும்? என் பிள்ளைகள் பாட்டியைப் போய்ப் பார்க்கலாமா?
– திருத்துறைப்பூண்டி வட்டத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: தம்பி, பிள்ளைகளைத் தாராளமாகக் கூட்டிப் போங்கள். இது மனிதரிடமிருந்து மனிதருக்கு ஒட்டுவது மிக மிக அபூர்வம். யாரிடமிருந்து ஒட்டியது என்று அக்கம்பக்கத்தில் தேட வேண்டாம். வயலில்தான் தேட வேண்டும்.

எலியின் சிறுநீரகத்தில் லெப்டோஸ்பைரா என்ற கிருமி குடியிருக்கும். எலிக்கு அதனால் ஒன்றும் ஆகாது. அது வரப்பிலும் வாய்க்காலிலும் மூத்திரம் பெய்தபடி போகும், கிருமி ஈரச் சேற்றில் வாரக் கணக்கில் உயிரோடு கிடக்கும். நடவுக்கு இறங்குகிறவர் நாள் முழுக்க முழங்கால் மட்டும் அந்தச் சேற்றில் நிற்கிறார். விரலிடுக்கில் சேற்றுப்புண், கணுக்காலில் நெல் தாள் கிழித்த கீறல். கிருமிக்கு அது போதும். வியர்வை வழிகிறது என்று அதே தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொள்வார்கள். கண் வழியாகவும் போகும். ஆடு மாட்டின் மூத்திரத்திலும் இந்தக் கிருமி இருக்கலாம் என்பதால், தொழுவம் கூட்டுகிறவர்களும் கவனிக்க வேண்டும்.

வயலில் இறங்கி ஒன்று, இரண்டு வாரத்தில் காய்ச்சல் வரும். சில பேருக்கு ஒரு மாதம் வரைகூடத் தள்ளிப்போகும். திடீரென்று குளிர்காய்ச்சல், கண் சிவப்பு, முக்கியமாகக் கெண்டைக்கால் சதையைத் தொட்டாலே உயிர் போகிற வலி. நாள் பூராவும் குனிந்து நட்டால் யாருக்குத்தான் கால் வலிக்காது? அதனால்தான் நம் பெண்கள் சுக்குக் கசாயம் குடித்துவிட்டு மறுநாளும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். கண் மஞ்சளாகி, சிறுநீர் குறைந்த பிறகு வருகிறவர்களைக் காப்பாற்றுவது கஷ்டம். ஆரம்பத்தில் வந்தால் டாக்ஸிசைக்ளின், பென்சிலின் போன்ற பழைய மருந்துகளே கேட்கும். காய்ச்சல் என்று போனால், 'நடவுக்குப் போய்க்கிட்டிருக்கேன்' என்பதை டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். அவர் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

இதே பருவத்தில் உண்ணிக்காய்ச்சலும் வரும். அக்குளில், இடுப்பு மடிப்பில் பீடி நெருப்பு பட்ட மாதிரி கருகிய புண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது வலிக்காது. ஆகவே நோயாளிக்கே தெரியாது.

கம்பூட்ஸ் போடு, கையுறை போடு என்று துண்டுப் பிரசுரங்களில் அச்சடிக்கிறார்கள். கம்பூட்ஸ் மாட்டிக்கொண்டு நம் களிமண்ணில் நாலு அடி வைத்துப் பார்த்துவிட்டு அச்சடித்திருக்கலாம். நடக்கிற காரியத்தைச் சொல்கிறேன். புண்ணை நீர் புகாத பிளாஸ்திரியால் மூடிக்கொண்டு இறங்க வேண்டும். பெரிய புண் என்றால் அது ஆறும் வரை நாற்று முடி கட்டிக் கொடுக்கிற வேலையாவது கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கரையேறியதும் நல்ல தண்ணீரிலும் சோப்பிலும் காலைக் கழுவி, விரலிடுக்கைத் துடைக்க வேண்டும். வாய்க்காலில் அலம்பினால் கணக்கில் சேராது. நோய் நிறையத் தென்படுகிற ஊரில், வயல்வேலை செய்கிறவர்களுக்கு முன்கூட்டியே மாத்திரை தரலாமா என்பதை ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் முடிவு செய்வார். கர்ப்பிணிகளுக்கு அந்த மாத்திரை ஆகாது, மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

அப்புறம் எலி. பெரிய வரப்பு எலிக்குக் கட்டிக்கொடுத்த வீடு, ஒடுக்கமாக வையுங்கள். தஞ்சாவூர் கிட்டி என்ற எலிப்பொறி வைக்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். சாயந்திரம் மூங்கில் கிட்டியைப் பரப்பிவிட்டு விடியலில் எலியோடு எடுத்துப் போவார்கள். ஒருவர் வயலில் மட்டும் வைத்தால் எலி பக்கத்து வயலுக்குக் குடிபோகும். மடை மொத்தத்துக்கும் சேர்ந்து பேசிக் கூலி கொடுத்தால்தான் பலன்.

கேள்வி: கணவருக்குக் காசநோய். தட்டு, டம்ளர், படுக்கை எல்லாம் தனியாக வைத்திருக்கிறோம். போதுமா?
– திருவையாற்றிலிருந்து ஒரு வாசகி

பதில்: தட்டையும் டம்ளரையும் உள்ளே எடுத்து வையுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். நுரையீரல் காசநோய் இருமலில் தெறிக்கிற காற்று வழியாகத்தான் வருகிறது, எச்சில் தட்டில் வருவதில்லை. மருந்து ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தால் சில வாரங்களில் அவர் பிறருக்குப் பரப்புவது வெகுவாகக் குறைந்துவிடும். அதுவரை முகக்கவசம், காற்றோட்டமான அறை. வழக்கமாக 6 மாத மருந்து. இருமல் நின்றதும் மாத்திரையை நிறுத்துகிற ஆண்கள் நம் பக்கம் ஜாஸ்தி, அந்தக் கணக்கை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லோரும் சோதித்துக்கொள்ள வேண்டும். 5 வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் நோய் இல்லை என்று உறுதி செய்துவிட்டுத் தடுப்பு மருந்து கொடுப்பார்கள். மாதம் 1000 ரூபாய் சத்துணவுக்கு அரசு வங்கிக் கணக்கில் போடுகிறது, கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: யானைக்கால் நோயைத்தான் ஒழித்தாகிவிட்டது என்கிறார்களே, அப்புறம் ஏன் ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் தட்டி ரத்தம் எடுக்கிறார்கள்? நோயே இல்லாத எங்களுக்கு மாத்திரை வேறு கொடுத்தார்களே!
– கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: யானைக்காலுக்குக் கும்பகோணத்தின் பெயரையே அடைமொழியாக வைத்துக் கேலி பேசிய காலம் உண்டு. இன்றைக்கு உங்கள் ஊர் இளைஞர்கள் அந்தக் காலை அதிகம் பார்த்திருக்க மாட்டார்கள். அதற்குக் காரணமே, கதவைத் தட்டியபோது உங்கள் அப்பாவும் தாத்தாவும் தூக்கக் கலக்கத்தோடு விரலை நீட்டியதுதான்.

யானைக்கால், கொசு பரப்புகிற ஒரு புழுவால் வருவது. அந்தப் புழுவின் குஞ்சுகள் பகலில் நம் உடம்பின் உள்ளே, நுரையீரல் பக்கத்து ரத்தக்குழாய்களில் ஒளிந்துகொள்ளும். ராத்திரி பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை தோலை ஒட்டிய ரத்தத்துக்கு வரும். ஏன் அந்த நேரம்? நம் வீட்டுச் சாக்கடைக் கொசு, கியூலெக்ஸ், கடிக்கிற நேரம் அதுதான். பகலில் குத்தினால் கண்ணாடித் தகட்டில் ஒன்றும் தெரியாது. எங்கள் ஆட்கள் டார்ச்சும் தகடுமாக நாய்களிடம் கடி வாங்காமல் தெருத்தெருவாகப் போனது சும்மா இல்லை.

நோயில்லாதவருக்கு ஏன் மாத்திரை என்றால், ரத்தத்தில் புழுக்குஞ்சு சுமக்கிறவர்களில் பெரும்பாலோருக்குக் கால் வீங்காது, காய்ச்சல்கூட இருக்காது. வீங்கின காலைப் பார்த்துப் பயப்படுகிறோம். பரப்புகிறவரோ திண்ணையில் நம்மோடு உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார். தாய்ப்புழு ஆறேழு வருஷம் உயிரோடு இருந்து குஞ்சு விட்டுக்கொண்டே இருக்கும். டி.இ.சி. மாத்திரை குஞ்சுகளை அடித்துவிடும். அதனால்தான் ஊர் மொத்தமும் ஒரே சமயத்தில், வருஷத்துக்கு ஒருமுறை, விடாமல் பல வருஷம் சாப்பிட வேண்டியிருந்தது. 2 வயதுக்குக் குறைந்த குழந்தை, கர்ப்பிணி, படுத்த படுக்கையாக இருப்பவர் மட்டும் விலக்கு. மாத்திரை போட்ட அன்று சிலருக்குக் காய்ச்சலும் தலைவலியும் வரும். உடம்பில் புழு இருந்து செத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஆனால் ஊரில் பரவுவது என்னவோ 'மாத்திரை போட்டதால் காய்ச்சல்' என்ற வதந்திதான்.

ராத்திரிச் சோதனை இன்னும் நடப்பது, எங்காவது மீதி ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்கத்தான். உங்கள் பங்குக்கு, மாடியில் செப்டிக் டேங்க் காற்றுக்குழாய் நிற்கிறதே, அதன் வாயில் நைலான் வலையை மூடிக் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிடுங்கள். தெருவுக்கே கொசு சப்ளை செய்வது அந்தக் குழாய்தான்.

ஏற்கெனவே கால் வீங்கியவர்கள் இதைப் படித்தால், ஒரு பாட்டியைப் பற்றிச் சொல்கிறேன். மாதத்துக்கு ஒரு தடவை நெறி கட்டிக் காய்ச்சலில் படுத்துவிடுவார். அவருக்குச் சொல்லிக் கொடுத்தது இவ்வளவுதான்: தினம் சாயந்திரம் முக்காலியில் காலை வைத்து, சோப்பு நுரையால் ஒவ்வொரு மடிப்பாகக் கழுவி, மெல்லிய வேட்டித் துணியை விரலிடுக்கில் நுழைத்து ஒற்றி எடுத்து, புண்ணிருந்தால் களிம்பு தடவி, படுக்கும்போது காலைத் தலையணை மேல் தூக்கி வைப்பது. தேய்க்கக் கூடாது, ஒற்ற வேண்டும். அதைப் பேத்தியை வைத்துச் செய்துகொண்டார். வீக்கம் முழுக்க வற்றவில்லை. ஆனால் அந்தக் காய்ச்சல் நின்று, மறுபடி செருப்பு போட்டுக் கடைத்தெருவுக்குப் போக ஆரம்பித்தார்.

கேள்வி: கஜா புயலில் செத்த மாடுகள் கிடந்த நாற்றத்தை இன்னும் மறக்க முடியவில்லை. அந்த நாற்றம்தான் காலராவைக் கொண்டுவரும் என்று எல்லோரும் சொன்னார்கள். அடுத்த புயலுக்கு என்ன செய்வது?
– வேதாரண்யத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: நாற்றம் குமட்டலைக் கொண்டுவரும், காலராவைக் கொண்டுவராது. 2018 நவம்பர் 16 விடியலில் கஜா கரையேறிய பிறகு, மாட்டைப் புதைக்க ஜே.சி.பி. எங்கே என்றுதான் எல்லா இடத்திலும் கேட்டார்கள். புதைக்க வேண்டியதுதான், குளத்தையும் கிணற்றையும் விட்டுத் தள்ளி. ஆனால் முகாமில் இருக்கிற உயிருள்ள நூறு பேருக்குக் கக்கூஸ் எங்கே என்று அதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டும். காலரா மனித மலத்திலிருந்து தண்ணீருக்கும், தண்ணீரிலிருந்து வாய்க்கும் வருகிற நோய். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அதற்குப் பிறகு எல்லோரும் பயந்த பெரிய கொள்ளைநோய் வரவில்லை. முகாம்களில் தண்ணீருக்குக் குளோரின் போட்டார்கள், குழந்தைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போட்டார்கள். நெருக்கியடித்துப் படுக்கிற முகாமில் தட்டம்மை புகுந்தால் நிற்காது. புயல் எச்சரிக்கை வந்ததும் மெழுகுவர்த்தியோடு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் மூடியுள்ள இரண்டு குடமும் எடுத்து வையுங்கள்.

கேள்வி: மகளுக்கு அம்மை போட்டிருக்கிறது. ஆஸ்பத்திரி பக்கமே போகக் கூடாது என்கிறார் மாமியார். வேப்பிலையில் படுக்க வைத்திருக்கிறோம். என் நாத்தனார் ஏழு மாதம், அவரும் இதே வீட்டில் இருக்கிறார். பையனைப் பள்ளிக்கு அனுப்பலாமா?
– வலங்கைமான் பக்கத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: தங்கச்சி, நாத்தனார் விஷயத்தை முதலில் பார்ப்போம். அவருக்குச் சின்ன வயதில் அம்மை போட்டதா என்று அவர் அம்மாவிடம் இன்றைக்கே போன் செய்து கேளுங்கள். போட்டிருந்தால் பயமில்லை. போடவில்லை, நினைவில்லை என்றால் நாளைக்குத் தள்ளாமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு நீர்க்கொப்புளான் அம்மை வந்தால் நுரையீரல் வரை போய் உயிருக்கே ஆபத்தாகலாம். தாயிடமிருந்து பிறந்த சிசுவுக்கும் தொற்றலாம். அவரை வேறு வீட்டுக்கு அனுப்புவது நல்லது. ஆனால் டாக்டரைப் பார்க்காமல் அனுப்பிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். ஏனென்றால் இந்த அம்மை, முத்து தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே பரவும். நீங்கள் வேப்பிலை கட்டுவதற்குள் வீட்டைச் சுற்றி வந்திருக்கும்.

பையனுக்கும் அதே கதைதான். அவன் முன்னே அம்மை போடாதவன், தடுப்பூசியும் போடாதவன் என்றால், 10-லிருந்து 21 நாளுக்குள் அவனுக்கும் வரலாம். காய்ச்சல் தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். மகள், எல்லா முத்தும் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை வீட்டில் இருக்கட்டும். சாதாரணமாக ஒரு வாரம்.

மாமியாரோடு சண்டை போட வேண்டாம். அம்மை போட்ட வீட்டுக்கு வேற்றாள் வரக் கூடாது, அந்த வீட்டார் நல்லது கெட்டதுக்குப் போகக் கூடாது, தலைக்குத் தண்ணீர் விடும் வரை காப்பு. இதைத்தான் எங்கள் துறையில் சுற்றறிக்கை போட்டுத் தனிமைப்படுத்தல் என்று சொல்வோம். சுற்றறிக்கைக்கு யாரும் பயப்பட மாட்டார்கள், மாரியம்மனுக்குப் பயப்படுவார்கள். பாதி வேலையை ஆத்தா செய்துவிடுகிறாள் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு. வேப்பிலையால் தடவிவிடுவதும் பரவாயில்லை, சொறிவதைவிட நல்லது. நகத்தை மட்டும் ஒட்ட வெட்டிவிடுங்கள்.

காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் தவிர வேறு எதுவும் கொடுக்காதீர்கள், ஆஸ்பிரின் கூடவே கூடாது. மூச்சு வாங்கினால், பிள்ளை மயங்கிக் கிடந்தால், முத்து சீழ் பிடித்துச் சுற்றிலும் சிவந்தால், தண்ணீர் விடும் நாளுக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரி. வீட்டில் பெரியவர்கள் யாருக்காவது வந்தால் முதல் நாளே போக வேண்டும், பெரியவர்களைத்தான் இது புரட்டிப் போடும்.

உங்கள் ஊர் பங்குனித் திருவிழாவில் பாடைக்காவடி எடுக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். சாவின் விளிம்புக்குப் போய்ப் பிழைத்தவர்கள் பாடையில் படுத்து வந்து வேண்டுதலை முடிக்கிறார்கள். பெரியம்மை ஊரையே வாரிக்கொண்டு போன காலத்தில் பிழைப்பதே அதிசயம்தான். 1975-க்குப் பிறகு இந்தியாவில் அது இல்லை, 1980-ல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தாகிவிட்டது. நோயாளியைத் தேடிக் கண்டுபிடித்து, அவரைச் சுற்றியிருந்தவர்களுக்கெல்லாம் ஒருவர் விடாமல் ஊசி போட்டுத்தான் அதை முடித்தார்கள். இதை மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லிப் பாருங்கள். ஊசி போட்டவர்களையும் ஆத்தா கோபித்துக்கொள்ளவில்லையே.

கேள்வி: தெருவில் டெங்கு. கொசு மருந்துப் புகை அடிக்க ஆளே வரவில்லை. யாரிடம் புகார் செய்வது?
– மன்னார்குடியிலிருந்து ஒரு வாசகர்

பதில்: புகார் செய்யுங்கள், கூடவே பின்கட்டுக்கும் போய் வாருங்கள். புகை பறக்கிற கொசுவை மட்டும் கொல்லும், ஒரு வாரத்தில் அடுத்த கூட்டம் எழும்பும். டெங்குக் கொசு சாக்கடையில் முட்டை போடாது. உங்கள் வீட்டு நல்ல தண்ணீரில்தான் போடும்: மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற சிமெண்ட் தொட்டி, பிரிட்ஜுக்குப் பின்னாலிருக்கும் தட்டு, பூ மிதக்க விடுகிற உருளி, தென்னந்தோப்பில் கிடக்கும் சிரட்டை, மாடியில் கிடக்கிற ஆட்டுக்கல். முட்டை, தண்ணீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி ஊற்றினால் பொரியும். வாரம் ஒருநாள் தேங்காய்நாரால் சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். இந்தக் கொசு சில நூறு மீட்டருக்கு மேல் பறக்காது. உங்களைக் கடித்தது உங்கள் தெருவில் பிறந்ததாகத்தான் இருக்கும். காய்ச்சல் விட்ட நாளில் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம் என்றால் அதுதான் அபாயக் கட்டம். பப்பாளி இலையை அரைத்துக்கொண்டு உட்காராதீர்கள்.

கேள்வி: ஒரு கல்யாணத்தில் சாப்பிட்டு வந்த நாலைந்து வீடுகளில் வாந்தி பேதி. பெண் வீட்டார் எங்கள் நெருங்கிய சொந்தம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தகவல் போனால் பேப்பரில் வந்து மானம் போகும், சொல்லாதே என்கிறார்கள். என்ன செய்யட்டும்?
– நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டாலும், வைத்தியம் பார்க்கிற டாக்டர் சொல்லியாக வேண்டிய நோய்கள் உண்டு. 1939-ம் வருஷத்துப் பொதுசுகாதாரச் சட்டத்திலேயே அது இருக்கிறது. 104-க்குப் போன் செய்தாலும் தகவல் போய்விடும், யாராவது துவண்டுவிட்டால் 108.

அவர்கள் வருவதற்குள் ஒரு நோட்டை எடுத்து, யார், எந்த வீடு, எத்தனை மணிக்கு முதல் வாந்தி, பந்தியில் என்னென்ன சாப்பிட்டார், வீட்டில் எந்தக் குழாய்த் தண்ணீர் என்று எழுதுங்கள். சாப்பிட்ட சில மணி நேரத்திலேயே எல்லோருக்கும் வாந்தி என்றால் சமைத்து வெகுநேரம் வெளியில் கிடந்த உணவின் மேல் சந்தேகம். ஒரு நாள், இரண்டு நாள் கழித்துக் கஞ்சித் தண்ணீர் மாதிரி பேதி என்றால் தண்ணீரின் மேல். இன்னொரு முக்கியமான கேள்வி: கல்யாணத்துக்கே வராத யாருக்காவது இருக்கிறதா? இருந்தால் பெண் வீட்டார் மேல் பழியே இல்லை, தெருத் தண்ணீரைப் பார்க்க வேண்டும். அவர்கள் மானத்தைக் காப்பாற்றப் போவதே இந்த நோட்டாக இருக்கலாம். 1854-ல் லண்டனில் ஜான் ஸ்நோ என்ற டாக்டர் செய்தது இதைத்தான். காலராவில் செத்தவர்களின் வீடுகள் எங்கே என்று விசாரித்துக் குறித்துக்கொண்டே போனார். பெரும்பாலானவை ஒரு பம்பைச் சுற்றி நின்றன. பம்பின் கைப்பிடியைக் கழற்ற வைத்தார். கிருமியை அவர் கண்ணால் பார்த்ததில்லை.

வாந்தி பேதி இருக்கிற எல்லோருக்கும் ஓ.ஆர்.எஸ். இப்போதே ஆரம்பியுங்கள். பாக்கெட்டில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைக்க வேண்டும், பாதி பாதியாகக் கரைக்கக் கூடாது. பாக்கெட் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீருக்குத் தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. 1971-ல் வங்காள அகதி முகாமில் டிரிப் பாட்டில் தீர்ந்துபோனபோது, திலீப் மஹலானபிஸ் என்ற டாக்டர் சர்க்கரையும் உப்பும் கலந்த தண்ணீரை டிரம்மில் கரைத்து உறவினர்களையே கொடுக்கச் சொல்லித்தான் அத்தனை பேரைப் பிழைக்க வைத்தார். வாந்தியெடுத்தாலும் பத்து நிமிஷம் விட்டு, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். குழந்தைகளுக்குத் துத்தநாக (ஜிங்க்) மாத்திரையும் தருவார்கள், பேதி நின்றாலும் 14 நாள் முழுக்கக் கொடுக்க வேண்டும்.

சமையல்காரரிடம் சமையலுக்கும் மோருக்கும் எந்தத் தண்ணீர் எடுத்தார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஐஸ் எங்கே வாங்கினார் என்பதையும் கேளுங்கள், அதை எல்லோரும் மறந்துவிடுவார்கள். மிச்சம் மீதி சாப்பாடு ஏதாவது இருந்தால் யாரும் தொடாமல் மூடி பிரிட்ஜில் வைக்கச் சொல்லுங்கள், சோதனைக்கு வேண்டும். அண்டாக்களை இன்னும் கழுவவில்லை என்றால் இப்போதே போன் பண்ணி நிறுத்துங்கள்.